சம்மன் வரும் முன்பே

உங்களுக்கு,

சித்தப்பா மூலமாகச் சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பர், இரண்டு பக்கமும் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்து, நோட்டரி முத்திரை, அதோடு முடிந்தது என்கிறார். முடியாதுங்க. ‘விடுதலைப் பத்திரம்’ என்று தலைப்புப் போட்டாலும் அந்தத் தாள் கல்யாணத்தைப் பிரிக்காது. சமூக வழக்கப்படி பிரிவது செல்லும் என்று இந்துத் திருமணச் சட்டம் 29-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது என்று கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். சித்தப்பாவின் ஞாபகசக்தி அதற்குப் போதாது. அந்தத் தாளை நம்பி உங்களுக்கு வேறு பெண் பார்த்தால், மனைவி இருக்கும்போதே மறுமணம் செய்த குற்றம் உங்கள் தலையில் விழும், சித்தப்பா தலையில் அல்ல.

அதனால்தான் வக்கீலிடம் விவாகரத்து மனுவைத் தயார் செய்யச் சொன்னேன். பெயர், தேதி, தெரு எதையும் இங்கே எழுதவில்லை. இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்த வேண்டும், விவரத்தை வெளியிடக் கூடாது என்கிறது 22-வது பிரிவு. சொந்தபந்தம் இதைப் படிக்கும் என்று தெரியும். துருவித் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது, அத்தை.

சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில்தான் தாக்கல். கல்யாணம் நடந்த ஊர், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர், மனைவி இப்போது வசிக்கும் ஊர் என்று 19-வது பிரிவின் இந்த மூன்று கணக்கில் எதைப் பார்த்தாலும் வேலூர்தான் வருகிறது. “பெங்களூருக்கு மாற்றிவிடலாம்” என்று அங்கே யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேறு மாநிலத்துக்கு மாற்ற சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டும். அந்தச் செலவில் நீங்கள் வருடம் முழுக்க இங்கே வந்து போகலாம். வருவீர்களா என்பது வேறு விஷயம்.

மனுவில் ‘வழக்குமூலம்’ என்று ஒரு பத்தி இருக்கிறது. எந்த நாளிலிருந்து பிரிந்து வாழ்கிறோம் என்று அதில் தேதியோடு எழுதியாக வேண்டும். வக்கீல் கேட்டதும் எனக்குக் காட்பாடி ரயில்வே ஸ்டேஷன்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆற்காட்டில் வாங்கிய மக்கன் பேடா டப்பா இரண்டு உங்கள் கையில் இருந்தது. ஒன்றை வண்டிக்குள்ளிருந்து ஜன்னல் கம்பி வழியே சாய்த்து நீட்டினீர்கள். “உங்கம்மாவுக்குப் பிடிக்கும்ல?” மூடி சரியாக இறுகவில்லை, பாகு என் முந்தானையில் வழிந்தது. கம்பி வழியாகவே கையை விட்டு உங்கள் கைக்குட்டையால் துடைத்தீர்கள். வண்டி நகர்ந்தது. எப்போது வருவேன் என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. மறுநாள் போன் எடுக்கவில்லை. அடுத்த மாதம் நம்பரே மாறிவிட்டது.

வக்கீல் இதையெல்லாம் ஒரே வரியில் அடக்கிவிட்டார்: ‘எதிர்மனுதாரர் தக்க காரணமின்றி மனுதாரரைக் கைவிட்டார்.’ படித்தால் உங்களுக்கு வலிக்கும். மன்னியுங்கள். ஆனால் தனியாக ஒருவர் மனுப் போட்டால் 13-வது பிரிவில் சொன்ன காரணம் ஒன்று வேண்டும்: கொடுமை, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் கைவிட்டது, இப்படி. ‘ஒத்துவரவில்லை’ என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. உறவு மீள முடியாமல் முறிந்துவிட்டது என்று விவாகரத்து தர சுப்ரீம் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. வேலூர் கோர்ட்டுக்கு அது கிடையாது. மகளிர் போலீஸ் ஸ்டேஷனில் உங்கள் மேல் புகார் எழுதிக் கொடுக்கச் சொன்னவர்கள் எத்தனையோ பேர். கொடுக்கவில்லை. அதையும் நீங்கள் கணக்கில் வைக்க வேண்டும்.

அந்த வரி வேண்டாமென்றால் வழி ஒன்றுதான்: 13-பி, பரஸ்பர சம்மதம். அதில் யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் ஒரே வீட்டில் இருந்தாலும் அது பிரிவுதான் என்று 1991-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிரிந்த தேதி மட்டும் இருவர் வாயிலும் ஒன்றாக வர வேண்டும், மாறினால் நீதிபதி அங்கேயே நிறுத்திக் கேட்பார். முதல் மனு போட்டு ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், மறுபடி இருவரும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். முதல் மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருந்து, சமரசமும் பலிக்காமல், பணம் பாத்திரமெல்லாம் பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். சுப்ரீம் கோர்ட்டின் 2017 அமர்தீப் சிங் தீர்ப்பு அதற்குத்தான். நமக்குப் பொருந்தும். ஆனால் இடையில் ஒருவர் மனம் மாறினால் எல்லாம் போச்சு, தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் எத்தனை முறை மனம் மாறுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சம்மதம் இல்லையென்றால் சம்மன் வரும். அதைக் கொண்டுவரும் கோர்ட் ஊழியர் அமீனா வருவார், தபாலும் வரும். வாங்க மறுத்தால் வராததாக ஆகாது, வாங்கியதாகவே எடுத்துக்கொள்வார்கள். வீடு பூட்டியிருந்தால் கதவில் ஒட்டுவார்கள், அதற்கும் அசையவில்லை என்றால் பேப்பர் விளம்பரம். உங்கள் பெயர் பேப்பரில் வருவதை நான் விரும்பவில்லை. வாய்தாவுக்கு வராமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி ஆகும், அதாவது நீங்கள் இல்லாமலே வழக்கு நடக்கும். அப்போதும் நான் நிரூபண வாக்குமூலம் போட்டு, கல்யாணப் பத்திரிகை, போட்டோ எல்லாம் சான்றாகக் குறியீடு செய்துதான் தீர்ப்பு வாங்க வேண்டும். அதை ரத்து செய்யக் கேட்க உங்களுக்கு முப்பது நாள். இரண்டு வருடம் கழித்து வந்து “சம்மனே வரவில்லை” என்று சொன்னால் வழக்கு பழையபடி முதலிலிருந்து ஓடவும் கூடும். அந்த அலைச்சல் எனக்கு வேண்டாம். அதற்காகவே இதைக் கெஞ்சாத குறையாக எழுதுகிறேன்.

ஜீவனாம்சம் வேண்டாம் என்று மனுவிலேயே எழுதிவிடலாம். நகையும் சீர்ப்பாத்திரமும் என்னுடையவை, அதைப் பேரத்தில் சேர்க்காதீர்கள். பட்டியல் எடுத்து, எடையோடு எழுதி, முதல் மனுவுடன் இணைக்க வேண்டும். என் வளையல் அடகில் இருப்பது எனக்குத் தெரியும். மீட்க முடியாவிட்டால் அதன் மதிப்புக்கு பேங்கில் டிடி எடுங்கள், பாதியை முதல் மனு அன்றும் மீதியை இரண்டாம் முறை வரும்போதும் கொடுக்கலாம், ஊர் வழக்கம் அதுதான். டிடியில் என் பெயர் ஆதாரில் இருப்பது போலவே இருக்கட்டும், இனிஷியல் அப்பாவுடையது. மாற்றலாமா என்று கேட்டபோது “எதுக்கு, அப்படியே இருக்கட்டும்” என்றவர் நீங்கள்தான்.