வலியை மறைத்து ஆடுவதா வீரம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளையாட்டு வீரர்களின் தன்வரலாறுகளை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும்போது, ‘விடாமுயற்சியின் வெற்றிக்கதை’ என்ற ஒற்றை வரியில் அவற்றை அடக்கிவிடும் வழக்கம் பள்ளி மேடைகளிலும் இதழ்களிலும் பரவலாக இருக்கிறது. கிரிக்கெட் வீரர் யுவராஜ் சிங் 2013-ல் வெளியிட்ட ‘தி டெஸ்ட் ஆஃப் மை லைஃப்’ நூலும் இதற்குத் தப்பவில்லை என்பதே என் வருத்தம்.

2011 உலகக் கோப்பையில் 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடர் நாயகன் விருது பெற்ற அவர், இருமலோடும் மூச்சுத் திணறலோடுமே அத்தொடரில் ஆடினார். மார்ச் 20 அன்று சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக 113 ஓட்டங்கள் எடுத்தபோது ஆடுகளத்திலேயே வாந்தி எடுத்தார். சென்னை வெயில்தான் காரணம் என்று நம்மில் பலர் எண்ணினோம். இரு நுரையீரல்களுக்கும் நடுவே ஒரு கட்டி இருந்தது பின்னரே தெரியவந்தது; அது புற்றுநோய் என்பது உறுதியாவதற்கு மேலும் காலம் பிடித்தது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்னின் சிகிச்சையில், மூன்று சுற்றுக் கீமோதெரபிக்குப் பின் மீண்டார். அதே ஆண்டு செப்டம்பரில், அதே சேப்பாக்கத்தில், நியூசிலாந்துக்கு எதிராக இந்திய அணிக்கு மீண்டும் ஆடினார்.

மீண்டு வந்த அந்த நாளை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். ஆனால், உடல் காட்டிய அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் ஆடியதையும், நோயை ஏற்றுக்கொள்ள மனம் மறுத்ததையும் அவர் ஒளிக்காமல் எழுதியிருப்பதுதான் இந்நூலின் உயிர் என்று நான் கருதுகிறேன். புகழின் உச்சியில் இருந்த ஒருவர் இதை எழுதத் துணிந்தது, அவர் அடித்த சதங்களுக்குக் குறைந்ததல்ல.

உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், குறுவட்டப் போட்டிகள் நெருங்கும் வேளையில் மூட்டு வலியையும் நெஞ்சு இறுக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லாத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சொன்னால் அணியில் இடம் போய்விடும் என்பது அவர்களின் அச்சம். வீட்டில் ‘இனி விளையாட்டே வேண்டாம்’ என்றுவிடுவார்கள் என்பது மாணவிகளுக்குக் கூடுதல் அச்சம். அத்தகைய பிள்ளைகளிடம் ‘வாந்தி எடுத்தும் சதம் அடித்தார்’ என்பதை மட்டும் எடுத்துச் சொன்னால், யுவராஜ் எதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டாரோ அதையே வீரம் என்று அவர்களுக்குக் கற்பித்தவர்களாவோம்.

ஆகவே, இத்தகைய நூல்களை அறிமுகப்படுத்தும்போது, வீரர்கள் தாமதித்ததையும் அஞ்சியதையும் கூறும் பகுதிகளுக்கும் தங்கள் நாளிதழ் உரிய இடம் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உடல்நிலையைச் சொல்லும் மாணவரை மருத்துவரிடம் அனுப்புவதோடு, அவர் குணமாகித் திரும்பும்வரை அணியில் அவரது இடத்தைக் காத்துவைப்பதும் தம் கடமை என்பதைப் பள்ளிகளும் பயிற்றுநர்களும் ஏற்க வேண்டும். அந்த உறுதி கிடைக்காத வரை எந்தப் பிள்ளையும் வலியைச் சொல்ல முன்வராது.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மதுரை.