காக்காவும் தாத்தாவும்

அன்புள்ள சரோ,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பேத்தி இருந்ததால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, நேற்றுதான் ஓசூருக்குக் கிளம்பினார்கள். வீடு வெறிச்சென்று கிடக்கிறது. முட்டிவலி அப்படியேதான், மற்றபடி சுகம்.

அவளுக்கு இரண்டு வயது முடிந்து மூன்று மாதம். வாயில் 'க' வரவில்லை, எல்லாம் 'த'தான். கதவு 'ததவு', கை 'தை'. அப்போ காக்கா என்னவாகும், நீயே சொல். அமாவாசையன்று மொட்டைமாடியில் அவருக்குப் படைத்த சோற்றை இலைத்துண்டில் வைத்துவிட்டு கா கா என்று கூப்பிட்டேன், ஒன்று வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்ததும் இவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்து "தாத்தா வந்துச்சு" என்கிறாள். அவரை அவள் பார்த்ததே இல்லை, சரோ. காக்கா சோற்றைத் தொடாமல் வடையைத்தான் முதலில் கொத்தியது, அவரும் அப்படித்தானே. நான் சொம்பும் கையுமாக நின்றுவிட்டேன்.

"காக்கான்னு திருத்திச் சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள். தானே திருந்திவிடும் என்றேன். உதடு சேர்ந்தால் ப, ம வந்துவிடும், 'க'வுக்கு அடிநாக்கு மேலே எழும்ப வேண்டும், ர, ழ எல்லாம் இன்னும் தாமதம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் நடத்தும்போது தமிழம்மா உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்களே, நினைவிருக்கா?

இவள் அப்பன் மாம்பழத்தைப் 'பப்பயம்' என்றவன்தான். அந்த வயதில் அவனுக்குக் கொடுத்ததெல்லாம் செந்தூரா, அதனால் எங்கள் வீட்டில் இன்றுவரை செந்தூரா மட்டும்தான் பப்பயம், கூழ் ஃபேக்டரிக்கு லாரி லாரியாகப் போகிற பெங்களூராவுக்கு அந்தப் பெயர் கிடையாது. முப்பத்திரண்டு வயதில் இன்னும் போனில் "பப்பயம் வந்தாச்சாம்மா" என்றுதான் கேட்கிறான். வேறு யாருக்கும் அது புரியாது. புரிந்தவர்களில் ஒருவர் போய்விட்டார்.

அதனால் பழைய நோட்டு ஒன்றில் எழுத ஆரம்பித்துவிட்டேன், பத்தொன்பது சொல் வந்திருக்கிறது. அவர் இருந்தால் இன்னும் பத்தாவது சொல்லியிருப்பார். அப்புறம், ஒகேனக்கல் போனபோது உன் பெரியவன் பரிசலுக்கு ஒரு பெயர் வைத்தானே, திரும்பி வரும்வரை பஸ்ஸில் நாம் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டு வந்தோம், அது என்ன? மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் விஜி