தம்பிக்கும் ஓர் இடம் கிடைத்தது: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

நம் பழைய கோவிலின் வரலாறும் கல்லறைத் தோட்டத்தின் பெயர்ப் பட்டியலும் ஒருவழியாக எழுதி முடிந்தன. கைப்பிரதியை மேசையில் வைத்துவிட்டு முதலில் இந்த மடலைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பங்குத்தந்தைக்கு என் முதல் நன்றி. பழைய பதிவேடுகள் இருந்த அலமாரியின் சாவியை நம்பி எங்களிடம் கொடுத்தார். திருமணங்களையும் ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பங்குகளில் எழுதி வைக்க வேண்டும் என்று, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1614இல் வந்த உரோமைச் சடங்குநூல் இறப்புப் பதிவேட்டையும் அதோடு சேர்த்தது. அந்த விதியை மதித்து, விளக்கு வெளிச்சத்தில் வரிவரியாக எழுதிவைத்த பழைய குருக்களையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

அந்த ஏடுகளை வாசித்துக் காட்டிய இலத்தீன் ஆசிரியருக்கு எப்படி நன்றி சொல்வது! 'ஓபீயித்' என்றால் இறந்தார், 'சேபுல்துஸ் எஸ்த்' என்றால் அடக்கம் செய்யப்பட்டார் என்பதோடு அவர் நிறுத்தவில்லை. யாக்கோபுஸ் என்பவரின் மகன் என்று எழுதும்போது தகப்பன் பெயர் 'யாக்கோபி' என்று மாறிவிடும். அது தெரியாமல் ஒரே ஆளை இரண்டு பேராகக் கணக்கில் வைத்திருந்தேன். மூன்று குடும்பங்களை அவர்தான் மறுபடி ஒன்று சேர்த்தார்.

கல்லறைகளைச் சுத்தம் செய்த இளைஞர்களே, கம்பித் தூரிகையும் அமிலமும் வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் கேட்டீர்கள். வெறும் தண்ணீர், மென்மையான தூரிகை, நிறையப் பொறுமை, அவ்வளவுதான். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்துப் பார்க்கலாம் என்ற யோசனையும் உங்களுடையதுதான். பகலில் 1 என்று படித்த எண் அன்றிரவு 7 ஆனது. சுவரின் சிமெண்ட் பூச்சை உளியால் மெல்ல எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசிய கொத்தனாருக்கும் நன்றி. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்ததால்தான் கல் செதில் செதிலாக உதிர்ந்தது என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

அப்புறம், பாட்டி, உங்களுக்கு.

வேலியோரத்து மூலையைக் காலி இடம் என்றே வரைபடத்தில் குறித்திருந்தோம். நீங்கள் கைத்தடியை ஊன்றி அங்கே நின்று, "இங்கதான் என் தம்பி இருக்கான்" என்றீர்கள். பிறந்து சில மணி நேரத்தில், ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் போன பிள்ளை. அப்படி இறந்த குழந்தைகளை மந்திரித்த, அதாவது குரு செபித்து ஆசீர்வதித்த நிலத்தில் அடக்கம் செய்ய அன்றைய திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் அதே நிலைதான். பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்தால் ஆயரின் அனுமதியோடு திருச்சபை முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு சொன்னது. அத்தகைய குழந்தைகளின் மீட்பை நம்புவதற்கு இடமுண்டு என்று வத்திக்கானின் இறையியல் குழு 2007இல் எழுதியது. இதெல்லாம் உங்கள் அம்மாவுக்குக் காலம் கடந்து வந்த ஆறுதல். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்தச் சின்னக் குழிகளை, ஒவ்வொன்றும் யார் வீட்டுப் பிள்ளை என்று நீங்கள் நடந்து காட்டினீர்கள். நீங்கள் வராமல் இருந்திருந்தால் அந்த மூலை வெற்றிடமாகவே அச்சாகியிருக்கும்.

நவம்பர் 2, இறந்த விசுவாசிகளின் நினைவு நாளில் பங்குத்தந்தை அந்த மூலையையும் மந்திரிக்கிறார். உங்களுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருப்போம். பட்டியலையும் ஒருமுறை பாருங்கள், பாட்டி. அம்மா வீட்டுக்குள் மட்டும் சொல்லி அழுத பெயர் என்று ஒரு பெயரை என் காதில் சொன்னீர்களே, கடைசிப் பக்கத்தில் உங்கள் அப்பா அம்மா பெயருக்குக் கீழே அதை எழுதியிருக்கிறேன். எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவர்