பல்லவி இல்லாத பாட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும் நிம்மதியாக இருந்தது, அவர்களிடம் நான் கேட்டதாகச் சொல். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "இருபது வருஷம் தாண்டிவிட்டது, நீ இன்னும் திருச்சிக்காரன்தானா, இல்லை கனடாக்காரனே ஆகிவிட்டாயா" என்று. அதற்கு வாட்ஸப்பில் பதில் எழுதி எழுதி அழித்தேன். இப்போதுதான் வாசலில் பனி அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன், விரல் இன்னும் மரத்திருக்கிறது, பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. மதுவுக்குப் பதினைந்து வயது முடிந்துவிட்டது. சனிக்கிழமை கர்நாடக வயலின் வகுப்பு, பள்ளிக்கூடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா. இரண்டுக்கும் ஒரே வயலின்தான், இன்னொன்று வாங்கித் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்கிறாள். சனிக்கிழமை காலையில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, நாலு தந்தியையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டுவாள். ஞாயிறு ராத்திரி அதையே வெள்ளைக்காரச் சுருதிக்குத் திருப்பி, நின்றுகொண்டு மோவாயில் இடுக்கி வாசிப்பாள். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி ஓடி வீட்டுக் காற்று வறண்டுபோகும், மரம் சுருங்கி, தந்தி முறுக்கும் பிருடை நிற்காமல் நழுவும், தந்தி சில சமயம் பட்டென்று அறுந்து கையில் அடிக்கும். அவள் முகம் சுளிப்பதே இல்லை. நீ என்னைக் கேட்ட கேள்வியை இவளிடம் கேட்டால் என்ன சொல்வாளோ என்று நினைத்துக்கொண்டே அவள் பிருடை திருகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஆகஸ்டில் நடந்ததிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

தி ட்ராஜிக்லி ஹிப் என்று இங்கே ஒரு இசைக்குழு. கிங்ஸ்டன் என்ற சின்ன நகரத்துப் பையன்கள், முப்பது வருஷம் சேர்ந்து வாசித்தவர்கள். பாடகர் கார்ட் டௌனிக்கு மூளையில் புற்றுநோய், குணமாகாது என்று அந்த வருஷம் மே மாதம் அறிவித்தார்கள். அறிவித்த கையோடு நாடு முழுக்க ஒரு சுற்று கச்சேரி கிளம்பிவிட்டார்கள். கடைசிக் கச்சேரி ஆகஸ்ட் 20, சொந்த ஊரான கிங்ஸ்டனில். இந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. அதை விளம்பர இடைவேளை இல்லாமல் நேரடியாக ஒளிபரப்பியது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்களாம், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு கனடியர். ஊர் ஊராகப் பூங்காவிலும் சதுக்கத்திலும் திரை கட்டியிருந்தார்கள். நானும் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன், கூட்டம் பார்க்கலாம் என்றுதான்.

தொப்பியில் இறகு, பளபளவென்று மின்னும் கோட்டு, அந்த மனிதர் மேடையில் நின்ற விதத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பாட்டு மறந்துபோகும் என்று காலடியில் வரிகள் ஓடும் திரை வைத்திருந்தார்கள். என்னைச் சுற்றி இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு மனப்பாடம், அழுதுகொண்டே பாடினார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தாடிக்காரர், கட்டட வேலைக்காரர் போல, பெரிய பூட்ஸ், முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு குலுங்கினார். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. பாஸ்போர்ட் இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, வீட்டுக் கடன் இருக்கிறது, ஆனால் இந்த வீட்டில் ஒரு சாவு விழப்போகிறது, நான் வாசலில் செருப்போடு நிற்கிறேன்.

அப்புறம் ஒன்று நடந்தது. நாலைந்து பாட்டுக்கு ஒரு பாட்டு எனக்குத் தெரிந்திருந்தது! யார் பாட்டு என்று தெரியாது, பேர் தெரியாது, ஆனால் அடுத்த வரி எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று தெரிகிறது. யோசித்துப் பார்த்தால், கார் ரேடியோ. தினமும் 401 நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம், வருஷக் கணக்காக. 1971-ல் இங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள், வானொலி போடும் பாட்டில் 30 சதவீதமாவது கனடா நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டுமென்று, பிற்பாடு அதை 35 ஆக்கினார்கள். பக்கத்திலேயே அமெரிக்கா, அதன் சத்தத்தில் தன் குரல் அமுங்கிவிடும் என்ற பயம். அந்த விதி என்னையறியாமல் என் காதுக்குள் இத்தனையும் ஊற்றி வைத்திருந்திருக்கிறது. நம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படிக்காமலே ஆயிரம் பாட்டு பாடமானதே, அப்படித்தான்.

அன்று டௌனி பாட்டுக்கு நடுவில், கூட்டத்தில் இருந்த பிரதமரைப் பார்த்து வடக்கே இருக்கும் பூர்வகுடி மக்களைப் பற்றிப் பேசினார். அவர்களைக் கண்டுகொள்ளாமல் இருக்கத்தான் நம் எல்லோரையும் ஆயுள் முழுக்கப் பழக்கியிருக்கிறார்கள் என்கிற பொருளில். சாகப்போகிறவர் கடைசி மேடையில் தன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இதைப் பேசினார். குடியுரிமைப் பரீட்சைக்கு நான் படித்த புத்தகம் எனக்கு ஏற்றாததை அந்த ஒரு நிமிஷம் ஏற்றியது. அடுத்த வருஷம் அக்டோபரில் அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நேரில் கேட்கப் போக ஆரம்பித்தேன். டொராண்டோ குவீன் தெருவில் ஹார்ஸ்ஷூ டேவர்ன் என்று 1947-லிருந்து இருக்கிற, கச்சேரி நடக்கும் மதுக்கூடம். பெரும்பாலும் நின்றுகொண்டுதான் கேட்க வேண்டும், பூட்ஸில் ஒட்டின பனி உருகித் தரையெல்லாம் உப்புத் தண்ணீர். முதல் நாள் ஒரு கிட்டார்க்காரப் பெண் பாடிக்கொண்டிருந்தாள், நான் என்னை மறந்து தொடையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தேன், விரல் எண்ணி, வீச்சு வீசி. பக்கத்தில் நின்றவர் அது என்ன என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அடுத்த பாட்டு முழுக்க அவரும் சேர்ந்து போட்டார், தாளம் திரும்பத் தொடங்கும் சமத்துக்கு வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

2020 செப்டம்பர் 25. உனக்குச் சொல்லவே வேண்டாம். எனக்குப் பொழுது விடியும்போதே எஸ்.பி.பி., நம் பாலு போய்விட்டார் என்ற செய்தி வந்துவிட்டது. கொரோனா காலம், ஊருக்கும் வர முடியாது, யார் வீட்டுக்கும் போக முடியாது. எங்கள் பக்கத்து வீட்டில் பருத்தித்துறைக்காரர், எண்பதுகளில் வந்தவர். நான் குடிவந்த முதல் வாரம் "தம்பி ஊரில எவடம்?" என்று கேட்டார், திருச்சி என்றேன், "ஓ, இந்தியாவோ" என்றார், அவ்வளவுதான், அதற்கு மேல் ரொம்ப நாள் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை. இங்கே தமிழர் என்றாலே முக்கால்வாசி ஈழத்துக்காரர்கள். அவர்கள் பட்ட பாட்டின் முன்னால் நான் வேலைக்காக விமானம் ஏறி வந்தவன் என்ற கூச்சம் எனக்கு எப்போதும் உண்டு. அன்று சாயங்காலம் அவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து புல்லில் வைத்தார். "தம்பி, பாலு போயிட்டாராம்" என்றார், நாள் முழுக்க எனக்குத் தெரிந்த சேதிதான், ஆனால் இன்னொரு வாய் அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. மேப்பிள் இலை பாதி சிவந்திருந்தது, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள், ராத்திரி பத்து மணி வரை. பதுங்கு குழிக்குள் இருந்தபோது பேட்டரி ரேடியோவில் கேட்ட பாட்டு எது, சென்னை பஸ்ஸில் நான் கேட்ட பாட்டு எது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினோம். பல பாட்டு ஒன்றாகவே இருந்தது. அன்றிலிருந்து அவரை நான் "அண்ணை" என்றுதான் கூப்பிடுகிறேன், நம் "அண்ணன்" என்ற சொல் வாயில் வருவதில்லை.

அடுத்த வருஷம் நவம்பரில் மாஸி ஹால் மறுபடி திறந்தது. 1894-ல் கட்டிய அரங்கம், மூன்று வருஷம் பூட்டி வைத்துப் பழுது பார்த்தார்கள், பல காலமாக மறைந்துகிடந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களையெல்லாம் திரும்ப வெளியே எடுத்திருக்கிறார்கள். முதல் கச்சேரி கார்டன் லைட்ஃபுட். நம் சபாவில் ஒரு வித்வான் வருஷா வருஷம் மார்கழியில் பாடுவது போல, அந்த ஒரே மேடையில் 170 தடவைக்கு மேல் பாடியவர். வயது 83. தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டி, முகக்கவசம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குரல் நூலாக மெலிந்துவிட்டது, ஆனால் ஒரு சொல்லைக்கூட அவர் விழுங்கவில்லை.

அவருடைய ஒரு பாட்டைப் பற்றி உனக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1975 நவம்பர் 10, சுப்பீரியர் ஏரியில் புயலில் எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற இரும்புத்தாதுக் கப்பல் முழுகி 29 பேரும் போனார்கள், ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருஷமே அதைப் பாட்டாக்கினார். ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், பல்லவியே கிடையாது, சரணம் சரணமாகப் போய்க்கொண்டே இருக்கும், நடை மூன்று மூன்றாக அலை மாதிரி. கேட்கும்போதெல்லாம் எனக்கு நம் சந்தைகளில் வெள்ளத்தையும் விபத்தையும் சிந்தாகப் பாடிக் காலணாவுக்குப் புத்தகம் விற்றார்கள் என்று உன் தாத்தா சொல்வாரே, அது ஞாபகம் வரும். அதில் ஒரு வரி, சரக்கறையின் மேல்மூடி உடைந்து உள்ளே போய்விட்டது என்று. மூடிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர்களின் வீட்டாருக்கு அது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. 2010 வாக்கில், ஆட்களின் தவறு காரணமில்லை என்று ஒரு ஆவணப்படம் ஆராய்ந்து சொன்னதும், மேடையில் பாடும்போது அந்த வரியை, இருட்டிவிட்டது என்ற அர்த்தத்தில் மாற்றிக்கொண்டார். ரெக்கார்டில் இன்னும் பழைய வரிதான். நான் கேட்டது மாற்றின வரி. நேரில் பாடுவதில்தான் இது முடியும் சேகர். முப்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு தாயின் மனசுக்காக ஒரு வரியைத் திருத்த, பாடுகிறவன் உயிரோடு மேடையில் நிற்க வேண்டும்.

2023 மே முதல் தேதி அவரும் போனார். மறுநாள் டெட்ராய்ட்டில், அந்த மாலுமிகளுக்காக மணி அடிக்கிற தேவாலயத்தில், 29 தடவை அடித்து, அவருக்காக முப்பதாவதாக ஒரு தடவை அடித்தார்கள். அதை ரேடியோவில் சொன்னபோது காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொந்த ஊரான ஒரில்லியாவில், சின்ன வயதில் அவர் பாடின தேவாலயத்திலேயே உடலைப் பொதுமக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள். மதுவைக் கூட்டிக்கொண்டு வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனேன். நீள வரிசை. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா, கையில் காபி, என்னைத் திரும்பிப் பார்த்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். வழக்கமாக அந்தக் கேள்விக்கு எனக்கு நெஞ்சு கொஞ்சம் இறுகும், இந்தியாவா ஸ்கார்பரோவா எதைச் சொல்ல என்று. ஸ்கார்பரோ என்றேன். "ரொம்ப தூரம்" என்று சொல்லி என் கையை ஒரு தடவை அழுத்தினார். அவர் சேதி மட்டும்தான் கேட்டார், நம் ஊர் எழவு வீட்டில் கேட்பது போல. வரிசையில் யாரோ முணுமுணுவென்று அந்தக் கப்பல் பாட்டை ஆரம்பித்தார்கள், முன்னும் பின்னும் பரவியது, நானும் பாடினேன், சேகர். மாற்றின வரி வரும் இடத்தில் எல்லோரும் மாற்றின வரியையே பாடினார்கள்.

நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். யாருக்காக அழுதேன், யார் பக்கத்தில் நின்று அழுதேன் என்று சொல்லிவிட்டேன், நான் எந்த ஊர்க்காரன் என்று இனி நீயே சொல்.

இன்னொரு சேதி, ஜனவரியில் வர லீவு கேட்டிருக்கிறேன். பகுள பஞ்சமியன்று நடக்கும் தியாகராஜர் ஆராதனைக்கு மதுவும் கூட வருகிறாள். நாம் விடியற்காலை பஸ் பிடித்துத் திருவையாறு போய், ஆற்று மணலில் கால் புதைய நடந்து, ஸ்ரீராகம் வரும்போது பின்னால் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடினோமே, அதைச் சொல்லிச் சொல்லி அவளை ஏற்றிவிட்டிருக்கிறேன். பஞ்சரத்தினக் கீர்த்தனை ஐந்தும் பாடமாகிவிட்டது, வராளி ராகத்தில் வருவது மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாறுகிறாள். வயலினும் கொண்டுவருகிறாளாம். சின்னப் பிள்ளைகளை வாத்தியத்தோடு உட்கார விடுகிறார்களா, யாரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்து எழுது. நம் பழைய பந்தல் கால் பக்கம் இடம் கிடைத்தாலும் போதும்.

உன்,
மூர்த்தி