அந்தக் கொன்ஸ்டபிளின் பெயர்

கம்பளை,
மார்ச் 22

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் ஓ.எல். பாஸ் பண்ணியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், உடனே எழும்பிப் போய் மாரியம்மன் படத்துக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வந்தார். இங்கே எல்லாரும் சுகம். மழை இல்லை, கொழுந்தும் இல்லை, பாதிப் பேருக்கு அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுகிறது.

நேற்று கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தேன். கேகாலை தாண்டி உத்துவன்கந்தை தெரிந்ததும் முன் சீட்டில் இருந்தவர் தன் மகனிடம் "அந்தா, சரதியல் ஒளிந்திருந்த மலை" என்று காட்டினார். பையன் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டான். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுத்தவன் என்ற கதையெல்லாம் மாவனல்லை வரும்வரை ஓடியது. நானும் சின்ன வயதில் அதே கதையை வாய் பிளந்து கேட்டவன்தான். ஆனால் நேற்று மார்ச் 21, பொலிஸ் வீரர்கள் தினம். 1864இல் இதே நாளில், இந்த மலைக்குப் பக்கத்து மாவனல்லையில், கொள்ளைக்காரன் சரதியலைப் பிடிக்கப் போன இடத்தில்தான் கொன்ஸ்டபிள் சபான் சுடப்பட்டுச் செத்தார். மலாய்க்காரர். நம் நாட்டில் கடமையில் இறந்த முதல் பொலிஸ்காரர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம்கூட அப்போது வந்திருக்கவில்லை. சரதியலை அந்த மே மாதமே கண்டியில் தூக்கில் போட்டார்கள், ஆனாலும் அவன் பெயர் இன்றைக்கும் பஸ்ஸில் போகிறது. சபானின் பெயரை அந்தத் தகப்பன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கு நம்மோடு படித்துப் பொலிஸில் சேர்ந்த நம்ம ஆள் ஞாபகம் வந்துவிட்டது மச்சான். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மேல் லயத்தில் இருக்கிற அவன் வீட்டுக்கு ஏறினேன்.

அவன் பொலிஸுக்கு எடுபட்டபோது தோட்டத்தில் என்னென்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரியும். பேசியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1940இல் முல்லோயா தோட்டத்தில் கோவிந்தனும் 1977இல் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணனும் பொலிஸ் குண்டில்தான் விழுந்தார்கள், அவர்களுக்கு விளக்கேற்றுகிற சனம் காக்கிச் சட்டையைக் கண்டு ஒதுங்காமல் என்ன செய்யும்? அவனுடைய அப்பாவே ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. ஆனால் அவன் ஸ்டேசனில் இருந்த காலத்தில் நம் பெண்கள் அவனுடைய டியூட்டி எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் போவார்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, "சரியா அக்கா, விட்டது ஏதும் இருக்கா" என்று கேட்டபிறகுதான் ஒப்பம் வாங்குவான். தன் வாயால் சொன்னதுதான் தாளில் இருக்கிறது என்று தெரிந்து கையெழுத்து வைப்பது நம் சனத்துக்கு எவ்வளவு பெரிய விஷயம், சொல்லு.

அவன் செத்தபோது நீ டோஹாவில். போனில் அழுகையோடு பாதிதான் சொன்னேன். இரவு வாகனச் சோதனை, வளைவில் பனிமூட்டம், டோர்ச்சைக் காட்டி ஒரு வேனை நிறுத்தப் பார்த்திருக்கிறான். வேன் அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வழக்கு ஆறு வருடமாக இன்னும் தவணை தவணையாக இழுபடுகிறது. பெட்டி மீது கொடி போர்த்தி லயத்துக்குக் கொண்டுவந்தார்கள். மரியாதை வேட்டு முடிந்து பிகிள் ஊதி ஓய்ந்ததும், கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் நம்ம ஆட்கள் தப்பு அடிக்கத் தொடங்கினார்கள். கூட வந்த சிங்களப் பொலிஸ்காரர்கள் தொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தப்புக்குப் பின்னாலேயே இடுகாடு வரை நடந்தார்கள்.

2017இல் நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் ஹேமச்சந்திர சுடப்பட்டு இறந்ததும், அவருடைய மனைவியின் காலடியில் விழுந்து நீதிபதி அழுத படத்தைப் பார்த்திருப்பாய். தமிழ் நீதிபதி, சிங்களப் பொலிஸ்காரர், பல வருடம் கூடவே நின்றவர். ஒரு மனிதன் இன்னொருவனுக்காகச் செத்தால் அந்தக் கடனை அப்படித்தான் தலை குனிந்து ஒத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதையேதான் நினைக்கிறேன்.

நேற்று அவனுடைய அம்மா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, துவாயில் சுற்றி வைத்திருந்த தொப்பியை எடுத்தார். பித்தளைச் சின்னத்தைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார், கோயில் விளக்கு மாதிரி மினுங்குகிறது. உள்பட்டியில் வியர்வைக் கறை அப்படியே இருக்கிறது, அதை மட்டும் கழுவ மனம் வரவில்லையாம். "அவன் படிச்ச பள்ளிக்கூடத்துல ஒரு வாட்டியாவது பேரச் சொல்லுவாங்களா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை.

அதிபரோடு பேசிவிட்டேன். வருகிற வருடம் மார்ச் 21 காலைக் கூட்டத்தில் சபானின் பெயரையும் இவனுடைய பெயரையும் சேர்த்துச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். மண்டபத்தில் மாட்ட ஒரு படம் வேண்டும். யூனிபோர்மில் இருக்கிற படம் வீட்டிலேயே இருக்கிறது, ஆனால் அவனுடைய அம்மாவுக்கு அவன் சிரிக்கிற படம்தான் வேண்டுமாம். ஓ.எல். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து எடுத்தோமே, பின் வரிசையில் உன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பான், அது உன்னிடம்தான் இருக்கிறது. ஸ்கேன் பண்ணி இந்தக் கிழமைக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் மச்சான்