இரண்டு தட்டு என்பது இரண்டு பிரதி அல்ல: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சென்ற ஐப்பசி மழையின்போது எங்கள் கடையில் வாங்கிய இரண்டு நாஸ் பெட்டிகள், அதாவது வீட்டுப் படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைக்கும் பெட்டிகள், ஒரே வாரத்தில் திரும்பி வந்தன. கொக்குவிலில் இருந்து வந்ததற்கு மின்வழங்கியை மாற்றியதும் சரியாகிவிட்டது. இணுவிலில் இருந்து வந்தது அப்படியல்ல. தொலைபேசிக் கம்பி வழியாக இறங்கிய மின்னல் ரவுட்டரைக் கருக்கிவிட்டு, நெட்வேர்க் கேபிள் வழியே பெட்டிக்குள்ளும் புகுந்திருந்தது. உள்ளே இருந்த இரண்டு வன்தட்டுகளில் ஒன்றுகூடச் சுழலவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த ஐயா கோபப்படவில்லை. "தம்பி, இரண்டு பிரதி இருக்கிறது என்று நீர்தானே சொன்னீர்?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன்தான். அவரிடம் மட்டுமல்ல, உங்களில் பலரிடமும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சைத் திருத்தவே இந்த மடலை எழுதுகிறேன். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கும் இது உதவக்கூடும்.

நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு கேபிளில் இணைத்து வைக்கும் ஒரு சிறு பெட்டி. அதற்குள் ஒன்றோ இரண்டோ நாலோ வன்தட்டுகள் இருக்கும். வீட்டில் உள்ள கணினி, தொலைக்காட்சி, கைத்தொலைபேசி எல்லாம் அந்த ஒரே இடத்திலிருந்து படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். இரண்டு தட்டுப் பெட்டியில் ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும் ஒழுங்குக்கு ரெயிட் 1 என்று பெயர். ஒரு தட்டு பழுதானால் மற்றது வேலையைத் தொடரும். நீங்கள் படம் பார்ப்பது தடைப்படாது. அதன் பயன் அவ்வளவுதான். பேரப்பிள்ளை தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால் அது இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழியும். கள்ளன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். மின்னலைப் பற்றி மேலே எழுதிவிட்டேன்.

பிரதி என்றால் அது வேறொரு இடத்தில் இருக்க வேண்டும். இதை யாழ்ப்பாணத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் ஊரோடு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதி, அடையாள அட்டை, நகை, கொஞ்சம் அரிசி என்று எடுத்தோம். அல்பங்கள் அலுமாரியிலேயே கிடந்தன. அம்மாவின் கலியாணப் படம் எங்கள் வீட்டில் இன்று இருப்பதற்கு ஒரே காரணம், மாமா ஜெர்மனிக்குப் போகும்போது ஒரு பிரதியைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனதுதான். இதை அறிந்திருந்தும் கடையில் நின்று, "ரெயிட் இருக்கிறது, பயமில்லை" என்று சொல்லியிருக்கிறேனே என்று இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆகவே நாஸ் வாங்க வருபவர்களிடம் இப்போது நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான்: கையில் இருக்கும் பணத்தில் பெட்டிக்கு ஒதுக்கும் முன், வெளியே வைக்கும் ஒரு யூஎஸ்பி வன்தட்டுக்கு ஒதுக்குங்கள். இரண்டுக்கும் பணம் போதாது என்றால் பெட்டியை விடுங்கள். இரண்டு யூஎஸ்பி தட்டுகளை வாங்கி, இரண்டிலும் ஒரே விடயங்களைப் பதிந்து, ஒன்றைச் சித்தி வீட்டில் கொடுத்து வையுங்கள். வியாபாரி இப்படிச் சொல்லலாமா என்று என் மனைவி கேட்கிறார். சொல்லத்தான் வேண்டும்.

இனி, எவ்வளவு இடம் தேவை என்ற கேள்வி. எல்லோரும் கூட்டியே கேட்கிறார்கள். கைத்தொலைபேசிப் படம் ஒன்று சுமார் 3 முதல் 5 மெகாபைட். பத்தாயிரம் படங்கள் சேர்ந்தாலும் 50 ஜிகாபைட்டைத் தாண்டுவது அரிது. பாட்டுகளும் அப்படியே, சாதாரண எம்பி3 பாட்டு நிமிடத்துக்கு ஒரு மெகாபைட் என்று வைத்துக்கொள்ளலாம். இடத்தைத் தின்பது வீடியோதான். சாமத்தியவீடு, கலியாணவீடு என்று படம் எடுப்பவர் தரும் ஒரு டிவிடி 4.7 ஜிகாபைட்வரை வரும். பழைய வீடியோ கமராவில் போடும் மினி டிவி என்ற சிறு கசற்றில் உள்ளதை அப்படியே இறக்கினால் ஒரு மணித்தியாலத்துக்கு 13 ஜிகாபைட். இன்றைய கைத்தொலைபேசியில் 4கே என்ற மிகத் தெளிவான தரத்தில் எடுத்தால் நிமிடத்துக்கே 170 மெகாபைட்டில் இருந்து 400 வரை போகும். அதாவது நல்லூர்த் தேரை ஒரு மணித்தியாலம் எடுத்தால் 10 ஜிகாபைட்டுக்குக் குறையாது. 25 நாள் திருவிழாவையும் எடுக்கும் ஒருவர் எங்களிடம் வருகிறார். அவருக்கு மட்டும் நாலு தட்டுப் பெட்டி கொடுத்தோம். மற்ற வீடுகளுக்கு 4 டெராபைட் போதும் (ஆயிரம் ஜிகாபைட் ஒரு டெராபைட்). நிறையச் சேர்ப்பவர்களுக்கு 8. 4 டெராபைட் வாங்கினேன், விண்டோஸ் 3.63 என்று காட்டுகிறதே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. தட்டுச் செய்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024 ஆல் பிரிக்கிறது. தட்டில் குறைவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பலர் வீட்டு அலுமாரியில் இன்னும் விஎச்எஸ் வீடியோ கசற்றுகள் இருக்கின்றன. நமது ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சணம் பிடித்துக்கொண்டே இருக்கும். அதை ஓட்டும் இயந்திரங்களைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இங்கே திருத்துவதற்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறது. உங்களிடம் அப்படிக் கசற் இருந்தால் நாஸ் அடுத்த வருடத்துக்குப் போகட்டும். முதலில் கசற்றில் உள்ளதைக் கணினிக் கோப்பாக மாற்றுங்கள். எங்களிடம்தான் மாற்ற வேண்டும் என்பதில்லை.

பெட்டியைத் தெரிவதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மிக மலிவான வழி, ரவுட்டரின் யூஎஸ்பி துளையில் ஒரு வன்தட்டைச் செருகுவது. பாட்டுக்கும் பழைய டிவிடிக்கும் அது போதும். பெரிய கோப்புகளை ஏற்றும்போது பொறுமை வேண்டும். இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: மூலையில் கிடக்கும் பழைய மடிகணினி. திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. மின்சாரம் அதிகம் கேட்காது, அதன் பற்றரியே மின்வெட்டுக்கு யூபிஎஸ் (மின்சாரம் போனால் சற்று நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) போல நிற்கும். ஜெலிஃபின் என்ற இலவச மென்பொருளை அதில் போட்டுவிட்டால் தொலைக்காட்சியில் உங்கள் படங்கள் அட்டைப்படத்தோடு வரிசையாக வந்து நிற்கும். அதே வேலையைச் செய்யும் ப்ளெக்ஸும் நல்லதுதான், ஆனால் 2025 ஏப்ரலில் இருந்து வீட்டுக்கு வெளியே இருந்து பார்ப்பதற்கு அது பணம் கேட்கிறது. மூன்றாவது வழி சைனாலஜி, கியூநாப் போன்ற நிறுவனங்களின் ஆயத்தப் பெட்டி. யாரும் பார்த்துக்கொள்ளாத வீட்டில், அதாவது கணினி தெரிந்த மகன் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில், இதுவே நிம்மதி.

ஆயத்தப் பெட்டி வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். கோப்பை உள்ளபடியே அனுப்பினால் தொலைக்காட்சி புரிந்துகொள்ளுமானால் எந்த மலிவுப் பெட்டியும் போதும். பழைய தொலைக்காட்சிக்கு எச்.265 என்ற புதிய முறையில் சுருக்கிய வீடியோ புரியாது. அப்போது பெட்டி அதை ஓட ஓட மாற்றிக் கொடுக்க வேண்டும். மலிவுப் பெட்டியின் சிறிய செயலி அதில் திணறும், படம் நின்று நின்று ஓடும். பலமான பெட்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதைவிட, தொலைக்காட்சியில் செருகும் புதிய சிறு கருவி ஒன்றை வாங்குவது மலிவு. பெட்டி செய்பவர் சொந்தத் தட்டைத்தான் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறாரா என்றும் கேளுங்கள். சைனாலஜி 2025 இல் தன் பிளஸ் வரிசைப் புதிய பெட்டிகளில் அப்படி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் அதே வருடம் ஒக்டோபரில் தளர்த்தியது.

தட்டு விடயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சில வன்தட்டுகளில் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி நெருக்கி எழுதுகிறார்கள். எஸ்எம்ஆர் என்பது அதன் பெயர். நமக்கு விளங்கும்படி சொன்னால் அது கிடுகு வேய்ந்த கூரை. கீழ்வரிசைமேல் மேல்வரிசை படிந்திருக்கும்; நடுவில் ஒரு கிடுகை மாற்ற வேண்டுமானால் அதன்மேல் உள்ளவற்றையும் கிளப்பிக் கட்ட வேண்டும். ஒரே முறை எழுதி அலுமாரியில் வைக்கும் தட்டுக்கு இது குற்றமில்லை. நாஸ் பெட்டிக்குள் ஒரு தட்டு பழுதாகி, புதியதற்கு எல்லாவற்றையும் திரும்ப எழுதும் நேரத்தில்தான் உயிர் போகும். 2020 இல் வன்தட்டுச் செய்யும் வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில தட்டுகள் இப்படிப்பட்டவை என்று ஒப்புக்கொண்டது. பின்னர், தடம் படியாத சிஎம்ஆர் வகையை ரெட் பிளஸ் என்று வேறாக்கி விற்கத் தொடங்கியது. ஆகவே பெட்டிக்குள் போடுவதற்கு ரெட் பிளஸ், அல்லது சீகேட்டின் அயன்வுல்ஃப். வெளியே வைக்கும் யூஎஸ்பி தட்டு எந்த வகையானாலும் சரி.

ரவுட்டரில் நெட்வேர்க் கேபிள் செருகும் துளைகளின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட்டா, ஒரு கிகாபிட்டா என்று பார்ப்பவர்கள் குறைவு. முதலாவதில் ஒரு டெராபைட்டை ஏற்றுவதற்கு ஒரு முழு நாள் ஆகும்; இரண்டாவதில் இரண்டரை மணித்தியாலம். கற்சுவர் தடித்த பழைய வீடுகளில் வைஃபை அறையைத் தாண்டாது. தொலைக்காட்சிக்கு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். கட் 5ஈ கேபிள் போதும்.

மின்சாரப் பட்டியலைப் பற்றியும் கேட்கிறீர்கள். இரண்டு தட்டுப் பெட்டி சுமார் 20 வாட் எடுக்கும். இரவு பகலாக ஓடினால் மாதம் 14 அலகுக்குச் சற்று மேல். பழைய மேசைக்கணினியை நாஸ் ஆக்கினால் அது 60 வாட் எடுத்து 43 அலகில் கொண்டுபோய் விடும். அலகு ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும் நாட்டில் அது மலிவுக்குக் கொடுக்கும் விலை. பெட்டிக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போகாதிருப்பதற்கு. ஆனால் யூபிஎஸ் பெரும்பாலும் நெட்வேர்க் கேபிளைக் காக்காது. இடி முழங்கத் தொடங்கும் முன்னரே மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் கழற்றுங்கள். ஃபைபர் இணைப்பு உள்ளவர்களுக்கு அந்த இழை மின்னலைக் கடத்தாது. ரவுட்டரின் மின்செருகி கடத்தும். பருத்தித்துறை, வல்வெட்டித்துறைக் கரையோர வீடுகளில் பெட்டியைக் கடற்காற்று அடிக்கும் யன்னலோரம் வைக்காதீர்கள். உப்பு முதலில் பிடிப்பது மின்விசிறியைத்தான்.

வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் வாசலைத் திறந்து வைக்கச் சொல்பவர்கள் உண்டு. செய்ய மாட்டோம். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பழைய இணைய வன்தட்டுகளுக்குள் யாரோ வெளியிலிருந்து புகுந்து எல்லாவற்றையும் அழித்தார்கள். 2015 உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கருவிகள் அவை. அடுத்த வருடம் டெட்போல்ட் என்ற கப்பம் கேட்கும் நச்சுநிரல் கியூநாப் பெட்டிகளைப் பிடித்தது. அதற்குப் பதில், நீங்கள் அனுமதித்த கருவிகள் மட்டுமே வரக்கூடிய டெயில்ஸ்கேல் போன்ற மறைவழி ஒன்றை நிறுவித் தருகிறோம். ரொறன்ரோவில் இருப்பவர் அதற்குள்ளால் வந்து பார்க்கட்டும்.

பிரதியையும் இணையம் வழியே அனுப்பலாமே என்று கேட்டால், கணக்கைப் பாருங்கள். 10 மெகாபிட் ஏற்றும் வேகத்தில் ஒரு டெராபைட் போய்ச் சேர ஒன்பது நாளுக்கு மேல், இடைவிடாமல். கூகுள் ஃபோட்டோஸின் அளவில்லாத இலவசச் சேமிப்பும் 2021 ஜூன் முதலாம் திகதியோடு முடிந்துவிட்டது. 15 ஜிகாபைட்டுக்குமேல் காசு. ஆடி ஆவணியில் ஊருக்கு வரும் உறவினரின் கைப்பையில் ஒரு வன்தட்டைக் கொடுத்து விடுவது இன்றைக்கும் வேகமான வழி. மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் போகிற பையில் இதற்கும் இடம் இருக்கும். கடவுச்சொல் போட்டுக் கொடுங்கள். அந்தக் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் காணி உறுதியோடு வையுங்கள். ஒரு வீட்டில் பெட்டி நல்லபடி ஓடுகிறது, தட்டுகள் நலம், கடவுச்சொல் தெரிந்தவர்தான் இல்லை. அந்த அம்மா மாதம் ஒருமுறை கடைக்கு வந்து விசாரித்துவிட்டுப் போகிறார்.

எங்களிடம் இரண்டு தட்டுப் பெட்டி வாங்கியவர்கள் அனைவரும், மழை தொடங்கும் முன்னர், பெட்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். கேபிள், மின்வழங்கி, கடவுச்சொல் மூன்றையும் மறக்க வேண்டாம். தட்டுகளின் நிலையைச் சோதித்து, நீங்கள் கொண்டுவரும் யூஎஸ்பி வன்தட்டில் முழுப் பிரதி ஒன்றை எடுத்துத் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை; இது எங்கள் பிழைக்கான வேலை. காலையில் தந்தால் மறுநாள் மாலை எடுக்கலாம். வெள்ளிக்கிழமை பிற்பகல் மட்டும் கடை பூட்டியிருக்கும்.

இணுவில் ஐயாவின் தட்டுகளைத் தரவு மீட்கும் இடம் ஒன்றுக்கு அனுப்பியிருக்கிறோம். செலவு எங்களுடையது. இன்னும் பதில் வரவில்லை.

அன்புடன்,
கடைக்காரர்
கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்