ஈறைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே?

போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் திரும்பி வருகிறது. அதனால்தான் பொடி டப்பாக்களோடு இதையும் வைத்து கூரியரில் போடுகிறேன்.

ஆனித் தேர் நல்லபடியாக ஓடியது. உன் மதினிக்கு வள்ளியூருக்கு மாற்றல். பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள், தூசி தாங்கவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்று அன்றைக்கு வாய் தவறிச் சொன்னாயே, அப்புறம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பல் டாக்டரிடம் போனாயா?

கர்ப்பத்தில் ஹார்மோன் ஏறுவதால் ஈறு சிவந்து வீங்கும், தொட்டால் கசியும். நிறையப் பேருக்கு வருவதுதான். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. ரத்தம் வருகிற இடத்தில் பிரஷ் படாமல் தேய்ப்பாய், எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்தே வலிக்கிற பக்கத்தை ஒதுக்கிவைக்கிறவள் நீ. அங்கேதான் கிருமி சேரும்.

உயிரியலில் 200-க்கு 198 வாங்கிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போனவள், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எச்சில் ஊறி வயிற்றுக்குப் போகிறது. பிடிமானம் இல்லாத பாக்டீரியா அதோடு போய்விடும். தங்க வேண்டுமென்றால் ஒட்டத் தெரிய வேண்டும். அதற்குத்தான் அதன் மேற்பரப்பில் புரதங்கள். வரப்பில் நடந்தால் சேலைக் கரையில் நாயுருவி விதை ஏறிக்கொள்ளுமே, அந்த மாதிரி. (ஆச்சி அதன் வேரில்தான் பல் தேய்ப்பாள்.) முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையறா வந்து, பல்மேல் எச்சில் பூசிவைத்திருக்கும் மெல்லிய படலத்தைப் பிடிக்கும். அதன்மேல் ஃபியூசோபாக்டீரியம். அதைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வருகிறவன்தான் ஆள், போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ்.

அவன் உடம்பைச் சுற்றி ஃபிம்ப்ரியா என்று மெல்லிய இழைகள். அதில் இருக்கும் ஃபிம்-ஏ புரதம், ஈறு செல்லின் மேல் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதத்தைப் பிடிக்கிறது. செல்லைத் தன் இடத்தில் ஊன்றி நிறுத்துவதற்காக இருப்பது அந்த இன்டெக்ரின். அதைப் பிடித்ததும் செல் ஏமாந்துபோய் அவனைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இருபது நிமிஷத்துக்குள் உள்ளே போய்விடுகிறான். அப்புறம் கொப்பளிக்கிற மருந்து என்ன செய்யும்? ஜிஞ்சிபெய்ன் என்று புரதத்தை வெட்டும் நொதிகளும் அவன் மேற்பரப்பில் உண்டு. ரத்தத்தில் உள்ள ஹீம் என்கிற இரும்புப் பொருள்தான் அவனுக்குச் சாப்பாடு. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த அகார் கூழில் வளர்த்தால் அதைச் சேர்த்துவைத்துக் கன்னங்கரேலென்று நிற்பான். ஈறில் ரத்தம் கசியக் கசிய அவனுக்குத்தான் நல்லது.

ஃபியூசோபாக்டீரியத்திடம் ஃபேட்-ஏ என்று ஒரு புரதம். செல்லையும் செல்லையும் சேர்த்துப் பிணைக்கும் கேடரினை அது பிடிக்கும். ரத்தக்குழாயின் உட்சுவரிலும் ஒரு கேடரின் உண்டு, அதையும் பிடித்துப் பிணைப்பைத் தளர்த்தும். தளர்ந்தால் ரத்தத்தோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். எங்கே என்று நான் எழுதவில்லை. நீயும் ராத்திரி போனில் தேடாதே.

தேடியிருப்பாய். என் மகள்தானே. அப்படியானால் இதையும் சேர்த்துப் படி. ஈறு நோய் இருந்த 823 கர்ப்பிணிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. ஒரு பாதிக்குக் கர்ப்பத்திலேயே ஈறைச் சுத்தம் செய்தார்கள், மறு பாதிக்குப் பிரசவத்துக்கு அப்புறம். முதலில் செய்துகொண்டவர்களுக்கு ஈறு தேறியது, கெடுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் குறைமாதப் பிரசவம் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகையால் பல்லைக் கவனிக்காததால்தான் அப்படி ஆனது என்று யாரும் சொல்ல முடியாது. உன் மாமியார் சொன்னாலும் சரி, நீயே உனக்குள் சொல்லிக்கொண்டாலும் சரி. போன வருஷத்து மாசி மாதத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஈறைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

அப்பாவைப் பாளையங்கோட்டையில் காட்டினோம். ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் அளவுக்கோடு போட்ட கம்பியை விட்டுப் பார்த்து 'ஆறு மில்லிமீட்டர்' என்றார் டாக்டர். ஆழம் மூன்றைத் தாண்டக் கூடாதாம். கம்பியை எடுத்ததும் அந்த இடத்தில் ரத்தம் குமிழ்விட்டது. அப்பா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு 'வலிக்கல, வலிக்கல' என்கிறார். மறைப்பதில் நீ அவர் மகள்.

ஐந்தாம் மாதம் சுத்தம் செய்துகொள்ள வசதியான சமயம். நாற்காலியில் மல்லாந்து சாய வயிறு இன்னும் இடைஞ்சல் பண்ணாது. போனதும் கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லிவிடு. 'பிள்ளைத்தாச்சி பல்லுல கை வைக்கப்படாது' என்று ஆச்சி ஒரே பிடியாக நிற்கிறாள், உமிக்கரி அனுப்பச் சொன்னாள். நான் அனுப்பவில்லை. வாந்தி எடுத்தால் உடனே பிரஷைத் தொடாதே, அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்து அரை மணி கழித்துத் தேய். பிரஷ் மெத்தென்று இருக்கட்டும். ரத்தம் வரும் இடத்தை விடாதே. டாக்டரிடம் போ.

வளைகாப்பைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மண்டபக்காரர் தேதி கேட்டார், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டேன். நீ சொல்லும்போது சொல்லு.

பெரிய டப்பாவில் இடிசாம்பார்ப் பொடி, சின்னதில் பருப்புப் பொடி. அல்வா மாப்பிள்ளைக்கு. நீயும் தின்பாய், தின்றால் வாயைக் கொப்பளி. டாக்டர் எத்தனை மில்லி என்றார் என்று மறக்காமல் எழுது. பின்பக்கத்துப் பல்லையும் அளக்கச் சொல்லு.

இப்படிக்கு,
அம்மா